ஆபீஸில் இருக்கும் ஓர் ஆள்

நாற்காலியிலிருந்து எழுவதற்கு முன்னால் வலது பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்க்கிறார். அப்புறம் இடது பக்கம். அந்தப் பக்கத்துக்குக் கழுத்தை இன்னும் கொஞ்சம் அதிகமாகத் திருப்ப வேண்டியிருக்கிறது. இரண்டு பக்கமும் யாரும் வரவில்லை என்பது உறுதியான பிறகு நாற்காலியை மெதுவாகப் பின்னால் எடுக்கிறார். பின்னால் இருப்பது சுவர். அதில் ஒரு நாட்காட்டி தொங்குகிறது. இதுவரை அவர் அதன் மேல் மோதியதில்லை.

"பழக்க தோஷம் மேடம். போகப் போக விட்டுடும்," என்று சேர்ந்த புதிதில் என்னிடம் சொன்னார். விடவில்லை. கம்ப்யூட்டர் திரை அசையாமல் நின்றுவிட்டால் மேஜைக்கடியில் அவருடைய வலது கால் தரையை ஓர் அழுத்து அழுத்தும். தவறாக அடித்த எழுத்தை அழிப்பதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'ரிவர்ஸ் எடுக்கிறது'. ஒரு வரி முழுக்கத் தப்பாகப் போய்விட்டால், "ரொம்ப தூரம் வந்துட்டேன், அப்படியே பின்னாடி போக வேண்டியதுதான்" என்று தனக்குள் முனகிக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக அழிப்பார். மொத்தமாக அழிக்க ஒரு வழி உண்டு என்று காட்டிக் கொடுத்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. என்ன அழிகிறது என்று பார்க்காமல் பின்னால் போவது ஆபத்தாம்.

எங்கள் ஆபீஸில் அவரை டிரைவர் அண்ணா என்றுதான் கூப்பிடுகிறோம். அந்தப் பெயரில் அவருக்கு ஒரு சங்கடம். "வேலை கேட்டுப் போற இடத்துல யாராவது இப்படிக் கூப்பிட்டுத் தொலைக்கப் போறீங்க மேடம். அப்புறம் சாவியைக் கையில குடுத்துடுவாங்க," என்பார். கூப்பிட்டுப் பழகிய வாய், மாற மாட்டேன் என்கிறது. அவர் பதிலுக்கு எங்களை விடாமல் மேடம் என்கிறார். செயலாளர் அம்மா பெரிய மேடம், நான் சின்ன மேடம். ஆபீஸைப் பூட்டிவிட்டுப் படியிறங்கித் தெருவில் கால் வைத்ததும் நான் தங்கச்சி ஆகிவிடுவேன். "பார்த்துப் போ தங்கச்சி, அந்தத் திருப்பத்துல எவனும் ஹார்ன் அடிக்க மாட்டான்." மறுநாள் காலையில் மறுபடியும் மேடம்.

எங்களுடையது ஓர் அறக்கட்டளை. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் நோயாளிகளுக்குச் சக்கர நாற்காலி, நடப்பதற்கு வாக்கர், தலைப்பக்கம் தூக்கி இறக்கும் கட்டில் இதையெல்லாம் இரவல் கொடுப்போம். தேவை தீர்ந்ததும் திருப்பி வாங்கிக்கொள்வோம். சக்கர நாற்காலி கொடுக்கிற ஆபீஸைக் கொண்டுபோய் மாடியில் வைத்த புண்ணியவான் யார் என்று தெரியவில்லை. கீழே சாமான் அறை, மேலே ஆபீஸ். ஆபீஸ் என்றால் ஒரு கூடமும் செயலாளர் அம்மாவுக்கு ஒரு சின்ன அறையும்தான். சம்பளம் வாங்குகிறவர்கள் செயலாளர் அம்மாவும் நானும். டிரைவர் அண்ணா தொண்டர். அதாவது, சம்பளம் கிடையாது. பஸ் செலவுக்கு ஏதோ கொடுக்கிறோம்.

இருபது வருஷத்துக்கும் மேலாக ஒரு தொழிற்சாலையின் ஊழியர் பஸ்ஸை ஓட்டியவர். லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் பரிசோதனைக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. சர்க்கரை நோய் உள்ளுக்குள் வேலை பார்த்திருக்கிறது. இடது கண்ணில் பக்கவாட்டுப் பார்வை இல்லை, இருட்டினால் இரண்டு கண்ணிலுமே பாதிதான். தொழிற்சாலை ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. அதற்குப் பிறகு அவர் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. எங்கே போனாலும் ஒரே கேள்வி. ஆபீஸ் வேலை பார்த்த அனுபவம் உண்டா?

"வேலை குடுத்தாத்தானே மேடம் அனுபவம் வரும். அனுபவம் இருந்தாத்தான் வேலைன்னா நான் எந்தப் பக்கமா ஏறுறது? முன்கதவும் பூட்டி, பின்கதவும் பூட்டி, உள்ள இருந்து வா வான்னு கூப்பிடுறாங்க."

வேலைவாய்ப்பு மையத்தில் ஆலோசனை சொல்ல உட்கார்ந்திருந்த ஒரு பெண்தான் அவருக்கு இந்த வழியைக் காட்டினாளாம். எங்கேயாவது தொண்டராகச் சேருங்கள், கம்ப்யூட்டர் பழகுங்கள், போனில் பேசப் பழகுங்கள், கொஞ்ச காலம் கழித்து ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள், அதுதான் அனுபவம். அப்படித்தான் ஒரு நாள் காலையில் படியேறி வந்து, "சம்பளம் வேணாம், நாற்காலி இருந்தாப் போதும்" என்று செயலாளர் அம்மா முன்னால் நின்றார். செயலாளர் அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். யாரையும் ஏற இறங்கப் பார்த்து எடை போடுகிறவர். அன்றைக்கு என்னவோ மறு பேச்சுப் பேசாமல் ஜன்னலோரத்து மேஜையைக் காட்டிவிட்டார்.

அவர் கெட்டிக்காரர் என்று நான் சொன்னால் அது பொய். இரண்டு விரலால் அடிக்கிறார். ஒரு கடிதம் முடிவதற்குள் எனக்கு ஒரு டீ ஆறிவிடும். கோப்புகளை எங்கே சேமித்தோம் என்பது மறந்துபோய், அதே கடிதத்தை மறுபடியும் முதலிலிருந்து அடிக்கிறார். திருப்பித் தர வேண்டிய சாமான்களைக் கேட்டு வீடுகளுக்குப் போன் செய்வது அவருக்குக் கொடுத்த வேலைகளில் ஒன்று. "கட்டிலைத் திருப்பிக் குடுக்கிறீங்களா" என்று கேட்க வேண்டிய இடத்தில் "அப்பா எப்படி இருக்கார்?" என்று ஆரம்பிப்பார். அப்பா போய்விட்டார் என்று அந்தப் பக்கம் அழ ஆரம்பிப்பார்கள். இவர் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு உம் கொட்டிக்கொண்டே இருப்பார். கட்டில் வராது. மறுநாள் நான் கேட்டால், "இன்னும் காரியமே முடியலையாம் மேடம், இப்பப் போய்க் கட்டிலைக் கேட்டா நல்லாவா இருக்கும்?" என்பார். இந்த லட்சணத்தில் ஆபீஸ் வேலை எப்படிக் கிடைக்கும் என்று நானே பல முறை தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் ஒரு மாதிரி முன்னேறிக்கொண்டுதான் இருந்தார். மாத அறிக்கையை அட்டவணையாகப் போடக் கற்றுக்கொண்டார். மின்னஞ்சலுக்குப் பதில் எழுதக் கற்றுக்கொண்டார். போன் பேசுவதில் ஒரு பாணியே வந்துவிட்டது. முதல் மணி ஓய்வதற்குள் எடுத்து, அறக்கட்டளையின் முழுப் பெயரையும் ஒரு எழுத்து விடாமல் சொல்லி, வணக்கம் சொல்லி, "என்ன உதவி வேணும்னு சொல்லுங்க" என்பார். ஸ்டியரிங் பிடித்த கை, ரிசீவரையும் இறுக்கித்தான் பிடிக்கும்.

அந்தப் போன்தான் ஆரம்பத்தில் அவர் காலை வாரியது. சேர்ந்த கொஞ்ச நாளில் ஓர் ஆள் கூப்பிட்டு, தன் மாமியாருக்கு நாங்கள் சக்கர நாற்காலி கொடுத்திருப்பதாகவும், பழுது பார்க்க வேண்டும், வீடு மாறிவிட்டார்கள், புது விலாசம் தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறான். இவர் விலாசத்தைச் சொன்னதோடு நிற்கவில்லை. எந்தத் தெருவில் திரும்பி, எந்தக் கடை பக்கத்தில் நிறுத்த வேண்டும் என்பது வரை விளக்கியிருக்கிறார். அவன், தன் அடி தாங்காமல் ஓடிவந்து அம்மா வீட்டில் ஒளிந்திருந்த மனைவியைத் தேடிக்கொண்டிருந்தவன். அன்றைக்கே போய்க் கதவை உடைத்து, குறுக்கே வந்த கிழவியைச் சக்கர நாற்காலியோடு சேர்த்துத் தள்ளிவிட்டான். கிழவிக்குத் தோளில் எலும்பு முறிந்தது.

செயலாளர் அம்மா திட்டவில்லை. கூப்பிட்டு உட்கார வைத்து ஒன்றே ஒன்று சொன்னார். "யாரைப் பத்தியும் போன்ல பேசக்கூடாது. இருக்காங்க, இல்ல, நல்லவங்க, கெட்டவங்க, எதுவும். எழுதி அனுப்பச் சொல்லுங்க, இல்லைன்னா நான் இருக்கும்போது கூப்பிடச் சொல்லுங்க. அவ்வளவுதான்." அவர் தலையாட்டினார். ஆஸ்பத்திரியில் அந்தக் கிழவியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார் என்பது அப்புறம்தான் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு விலாசமோ பெயரோ வெளியே போனதில்லை. ஒரு தடவை வேடிக்கைக்காக நானே வெளியிலிருந்து கூப்பிட்டு, குரலை மாற்றிக்கொண்டு, "அங்கே ஒரு சின்ன மேடம் இருக்காங்களே, அவங்க எப்படி?" என்று கேட்டேன். "எழுதி அனுப்புங்க" என்றார். வந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "சிக்னல்னா சிக்னல்தான் மேடம். எதிர்ல வண்டி வரலைங்கிறதுக்காகப் போகக்கூடாது."

சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அவர் பழைய ஆள். டப்பாவைத் திறந்து ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து கீழே சாலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். "கிளட்ச்லயே கால வச்சுக்கிட்டுப் போறான் பாருங்க, எவன் வீட்டுப் பணமோ." கை கழுவியதும் ஜன்னல் பக்கம் திரும்ப மாட்டார். உள்ளுக்குள் என்ன இருக்கும் என்று கேட்கத் தோன்றும். கேட்டதில்லை.

அவருடைய மனைவியை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் அவர் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்துவிட்டார். அந்த அம்மா அதை எடுத்துக்கொண்டு படியேறி வந்தாள். துணிகளைப் பொட்டலம் கட்டும் வேலைக்குப் போகிறவள், நின்றே வேலை. கால்கள் வீங்கியிருந்தன. இவர் கீழே சாமான் அறையில் இருந்தார். அவள் உட்காரவில்லை. அவருடைய மேஜையைச் சுற்றி வந்து கம்ப்யூட்டரை, பேனா நிற்கும் டப்பாவை, நாற்காலி முதுகில் மடித்துப் போட்டிருந்த துண்டை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இதுதான் அவர் சீட்டா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"நிஜமாச் சொல்லும்மா. இங்க வேலைன்னு ஏதாவது பண்றாரா, இல்ல வீட்டுல என் முகத்தைப் பார்க்க முடியாம இங்க வந்து உட்கார்ந்திருக்காரா?"

அட்டவணையெல்லாம் நன்றாகப் போடுகிறார், போனில் நன்றாகப் பேசுகிறார் என்று நான் கொஞ்சம் கூட்டியே சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

"சம்பளம் வர்ற சட்டைக்குத்தான் நான் இஸ்திரி போடுவேன்னு சொல்லிட்டேன். அவரே போட்டுக்கிறார். தினம் விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு அந்தச் சட்டையைத் தேய்க்கிற சத்தம் கேட்கும்போது எனக்கே பாவமா இருக்கும். ஆனா பாவம் பார்த்தா அடுப்பு எரியுமாம்மா? பொண்ணு காலேஜ் சேரணும். என் தம்பி ஒரு கம்பெனி கேட்ல நைட் வாட்ச்மேன் வேலை சொல்லி வச்சிருக்கான். இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்க்கிறேன்னு சொல்லியிருக்கார். அதுக்குள்ள ஒண்ணும் ஆகலைன்னா அங்க போயிடணும். சத்தியம் வாங்கிட்டேன்."

"இருட்டுல அவருக்குக் கண்ணு..." என்று இழுத்தேன்.

"தெரியும்மா. என் தம்பிகிட்ட அதைச் சொல்லலை," என்றாள்.

கண்ணாடியை மேஜைமேல் வைத்துவிட்டு, போகும்போது அந்தத் துண்டை எடுத்து உதறி மறுபடியும் மடித்துப் போட்டுவிட்டுப் போனாள்.

கடவுளே இறங்கி வந்து எழுதிக் கொடுத்தது மாதிரி அந்த வாரமே ஒரு வேலை வந்தது. பெரிய பள்ளிக்கூடம் ஒன்றின் போக்குவரத்து அலுவலகம். எந்த வேன் எங்கே நிற்கிறது, எந்தப் பிள்ளை ஏறவில்லை என்று பார்த்துக் கம்ப்யூட்டரில் போட வேண்டும். வண்டி தாமதமானால் போனில் கத்துகிற பெற்றோருக்குப் பதில் சொல்ல வேண்டும். பகல் வேலை, உட்கார்ந்த வேலை. இதற்கென்றே பிறந்தவர் மாதிரி இருக்கிறாரே என்று செயலாளர் அம்மாவே சொல்லிவிட்டு, விண்ணப்பத்தை அவரை அடிக்க வைத்து, பிழைகளைத் திருத்தி, மறுபடியும் அடிக்க வைத்தார். 'தற்போது பணிபுரியும் இடம்' என்ற கட்டத்தில் எங்கள் ஆபீஸ் பெயரையும் போன் நம்பரையும் போட்டார்.

நேர்காணலுக்குப் போய்விட்டு வந்தவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு வெளிச்சம். "நல்லாப் பேசினாங்க மேடம். நடுவுல ஒரு வேன் டிரைவர் வந்து டீசல் கணக்குல ஏதோ தகராறு பண்ணினான். நான் பொத்துக்கிட்டு வந்ததை அடக்கிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியா ரெண்டு பேர் நிக்கிறோமாம். நானும் இன்னொருத்தரும். நாங்க உங்க ஆபீசுக்கு ஒரு போன் போட்டு விசாரிச்சுக்கிறோம், அது ஒண்ணுதான் பாக்கின்னு சொன்னாங்க."

அன்றிலிருந்து அவர் சீட்டை விட்டு எழுந்திருக்கவே பயப்பட்டார். சாப்பாடும் அங்கேதான், ஜன்னல் பக்கம் திரும்பாமல். போன் அடிக்கும்போதெல்லாம் எங்கள் மூன்று பேர் முகமும் ஒரே மாதிரி ஆகும். எடுத்தால் வாக்கர் வேண்டும் என்பார்கள், கட்டிலின் கைப்பிடி கழன்றுவிட்டது என்பார்கள். ரிசீவரை வைத்துவிட்டு, "இது இல்ல மேடம்" என்று என்னைப் பார்த்துச் சொல்வார். செயலாளர் அம்மா அவரைப் பற்றி என்ன பேச வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார். ஒரு நாள் எனக்குச் சொல்லிக்கூடக் காட்டினார். அதைக் கேட்டிருந்தால் எந்தப் பள்ளிக்கூடமும் அவரைத் தலைமை ஆசிரியராகவே போட்டுவிடும்.

அந்தப் போன் வந்தபோது செயலாளர் அம்மா வங்கிக்குப் போயிருந்தார். நான் கூடத்தில் ஒரு பெரியவருக்கு வாக்கர் பிடித்து நடக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆன மனிதர். ஒரு கை வாக்கரில், மறு கை என் தோளில், முழுக் கனமும் என் மேல். அவருடைய மகள் எதிரே நின்றுகொண்டு, "வாங்கப்பா, வாங்கப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

வழக்கம்போல் முதல் மணியிலேயே எடுத்தார். முழுப் பெயர், வணக்கம், என்ன உதவி வேணும். அப்புறம் பேச்சு நின்றது. என்னமோ போல் இருக்கவே நிமிர்ந்து பார்த்தேன். ரிசீவரைப் பிடித்த கை காதோடு ஒட்டிப்போயிருந்தது.

"யாரைப் பத்திக் கேட்கிறீங்க?" என்றார். அந்தப் பக்கத்தில் சொன்னார்கள். இவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பெரிய மேடம் வெளிய போயிருக்காங்க. மத்தியானத்துக்கு மேல கூப்பிட முடியுங்களா?"

அந்தப் பக்கத்தில் அவசரம் போலிருக்கிறது. ஏதோ படபடவென்று கேட்டார்கள்.

"இல்லைங்க, போன்ல யாரைப் பத்தியும் நாங்க பேசறதில்லைங்க. எழுதி அனுப்பினீங்கன்னா பதில் போடுவாங்க."

பள்ளிக்கூடத்துப் போன், அவரைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ரிசீவரை என்னிடம் கொடுங்கள் என்று தலையை ஆட்டினேன். கையைக் காட்ட முடியாது, கையை எடுத்தால் பெரியவர் விழுந்துவிடுவார். நான் நின்றது அவருடைய இடது பக்கம். அந்தப் பக்கத்தில் யார் நின்று எதை ஆட்டினாலும் அவருக்குத் தெரியாது. "அண்ணா, அண்ணா" என்று கூப்பிட்டேன். "வாங்கப்பா, இன்னும் ஒரு அடி" என்று மகள் அதற்கு மேல் சத்தமாகக் கூப்பிட்டாள். அவர் வலது கையால் மற்றொரு காதைப் பொத்திக்கொண்டார்.

"அவர் வேலை எப்படின்னு நான் சொல்லக்கூடாதுங்க... கம்ப்யூட்டரா? அதையும் நான் சொல்லக்கூடாதுங்க."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியாக என்ன கேட்டார்கள் என்பது அவருடைய பதிலிலிருந்து எனக்குத் தெரிந்தது.

"நானா? நான் ஆபீஸ்ல இருக்கிற ஒரு ஆளுங்க."

ரிசீவரை வைத்தார். பெரியவரை ஒரு நாற்காலியில் இறக்கிவிட்டு நான் அவரிடம் ஓடினேன். எனக்கு வந்த கோபத்தில் அண்ணா என்று கூடச் சொல்லவில்லை.

"என்ன காரியம் பண்ணீங்க? நீங்க கேட்கிற ஆள் நான்தான்னு சொல்லியிருக்கலாமே? இல்ல என்கிட்ட குடுத்திருக்கலாமே?"

"நீங்க பெரியவரைப் பிடிச்சுட்டு இருந்தீங்க மேடம்."

"அதுக்காக?"

"நான்தான் அதுன்னு சொன்னா என்ன ஆகும்? தன்னைப் பத்தித் தானே போன்ல நல்லவன்னு சொல்லிக்கிறான் பாருன்னு நினைப்பாங்க. பெரிய மேடம் பேசறதுதானே முறை. பள்ளிக்கூடத்துக்காரங்களும் ஆபீஸ் நடத்தறவங்கதானே, புரிஞ்சுக்குவாங்க." அப்புறம் என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, "எழுதி அனுப்புவாங்க மேடம்" என்றார்.

மின்னஞ்சலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பெரியவரும் மகளும் போனார்கள். வாக்கரைப் படியில் தூக்கிக்கொண்டு இவர்தான் கூடப் போய்விட்டு வந்தார். வந்ததும் மறுபடியும் திரை. எதுவும் வரவில்லை.

செயலாளர் அம்மா படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே வந்ததும் நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நேராக இவருடைய மேஜைக்கு வந்து, நின்றபடியே அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டார். இவர் எழுந்து ஓரமாக நின்றுகொண்டார். இந்த முறை வலமும் பார்க்கவில்லை, இடமும் பார்க்கவில்லை, நாற்காலி சுவரில் இடித்தது.

செயலாளர் அம்மா தயார் பண்ணி வைத்திருந்ததில் பாதிகூடப் பேசவில்லை. ஆரம்பித்தார், நடுவில் நிறுத்திக் கேட்டார், "ஓ" என்றார். "இல்ல இல்ல, அது எங்க ஆபீஸ் வழக்கம்" என்றார். "அது அவரேதான்" என்றார். மறுபடியும் கேட்டார். அந்தப் பக்கத்தில் சிரிப்பது எனக்கே லேசாகக் கேட்டது. "சரி, பரவாயில்லை" என்று சொல்லி ரிசீவரை வைத்தார்.

"வேற ஆளைப் போட்டுட்டாங்க" என்றார்.

"சரிங்க மேடம்." தலையாட்டிவிட்டு, "எதனாலன்னு சொன்னாங்களா?" என்று கேட்டார்.

செயலாளர் அம்மா ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கு அது வராது. வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்கு மதிப்பெண்ணை முகத்துக்கு நேராகச் சொன்னவர்.

"ரெண்டு பேரும் அவங்களுக்குச் சரிதானாம். இன்னொருத்தர் ஆபீஸ்ல விசாரிச்சப்ப ஆஹா ஓஹோன்னு சொன்னாங்களாம். இங்க கேட்டப்ப, போன் எடுத்தவர் அவரைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொல்லலையாம். கம்ப்யூட்டர் தெரியுமான்னு கேட்டதுக்குக்கூட மழுப்பினாராம். கூட இருக்கிறவங்களே சொல்லத் தயங்கினா உள்ள ஏதோ விஷயம் இருக்குன்னு நினைச்சுட்டாங்க. நான் விளக்கிச் சொன்னேன். சிரிச்சாங்க. ஆனா அந்த இன்னொருத்தருக்குச் சொல்லியாச்சு, நாளைக்கு வந்து சேர்றார்."

எனக்குக் கோபம் வந்தது. போனில் சிரித்தவர்கள்மேல், ஒழுங்கு மாறாத இந்த மனிதர்மேல், பெரியவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற என் கைமேல், யார்மேல் என்று இல்லாமல் வந்தது. அவர் மட்டும் செயலாளர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம ஆபீசுக்குக் கெட்ட பேர் ஏதும் இல்லையே மேடம்?"

"இல்ல" என்றார் செயலாளர் அம்மா. "ஆபீசுக்கு ஒண்ணும் இல்ல." பையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கதவு பகலில் சாத்தி நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு மாதம் முடியச் சில நாட்கள்தான் இருந்தன. அவர் இடித்த நாற்காலியைச் சரியாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பாதியில் விட்டிருந்த கடிதத்தைத் திறந்து, அடுத்த வரியை இரண்டு விரலால் அடிக்க ஆரம்பித்தார். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். வேறு இடம் பார்க்கலாம் அண்ணா, நான் நாலு பேரிடம் சொல்லி வைக்கிறேன் அண்ணா. எதைச் சொன்னாலும் என் காதுக்கே பொய்யாகக் கேட்கும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அப்போது அவருடைய கைபேசி மேஜைமேல் அதிர ஆரம்பித்தது. ஆபீஸ் நேரத்தில் சத்தத்தை அணைத்து வைத்திருப்பார். திரையில் அவர் மனைவியின் படம். நேர்காணல் முடிந்த நாளிலிருந்து தினமும் வேலை இடைவேளையில் கூப்பிட்டு, போன் வந்ததா என்று கேட்பாளாம். கைபேசி அதிர்ந்து அதிர்ந்து, வழவழப்பான மேஜையில் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு நகர்ந்தது. அவர் அதை எடுக்கவில்லை, அணைக்கவும் இல்லை. அது விழப்போகிற இடத்தில், மேஜை விளிம்புக்குக் கீழே, உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.